குளிர்காலத்தில் பிள்ளைகளோடு காட்டுக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான். மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகிறார்கள். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் 5 பேர், பள்ளிக்கூடம் போகும் அவர்களுடைய நண்பர்கள் 2 பேர், ஆக மொத்தம் 7 பேர். வயது 4 முதல் 12 வரை. குளிர்காலத்தில் ஒருநாள் எல்லோரையும் காட்டுப்பாதை ஒன்றில் நடக்க அழைத்துப் போக வேண்டும். "மரமெல்லாம் மொட்டையாக நிற்கிறது, பூவும் இல்லை, பூச்சியும் இல்லை, பறவையும் குறைவு. இதில் எதைக் காட்டுவது? எவ்வளவு நேரம் நடப்பது? பாடம் மாதிரி எதையாவது தயார் செய்துகொண்டு போக வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வீட்டுக்கல்வி பெற்றோர்களுக்கு (நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்) ஒரு வியாதி உண்டு: எதைத் தொட்டாலும் அதைப் பாடமாக்கிவிடுவது. என்னுடைய முதல் குளிர்கால நடைக்கு இருபது கட்டங்கள் போட்ட தாள் ஒன்றை அச்செடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். கண்டுபிடித்ததை டிக் அடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள், காட்டைப் பார்க்கவில்லை. ஒரு நரியின் தடத்தை மிதித்துக்கொண்டே "நரித்தடம் எங்கே?" என்று ஒருவன் கேட்டான். அன்றோடு அந்தத் தாளை விட்டேன்.

சரி, குளிரிலிருந்து ஆரம்பிக்கலாம். அது சரியாக இல்லாவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. சின்ன உடம்பு பெரிய உடம்பைவிட வேகமாகச் சூட்டை இழக்கும், ஏனென்றால் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு அதிகம். நீங்கள் நடந்து நடந்து வியர்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் தோளில் சவாரி செய்யும் 4 வயதுக்காரி அசையாமல் உறைந்துகொண்டிருப்பாள். தடிமனான ஒரு கோட்டைவிட மெல்லிய உடைகள் மூன்று அடுக்கு மேல். உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை உள்ளே இழுக்கும். கம்பளியோ, சீக்கிரம் காயும் செயற்கைத் துணியோ போதும். கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும் வகை சூட்டை நன்றாகக் காக்கும். பிள்ளைக்கு ஒரு ஜோடி கூடுதல் கையுறை, ஒரு ஜோடி கூடுதல் காலுறை, இவற்றை மட்டும் மறக்காதீர்கள். பனியைத் தொடாத பிள்ளை உலகத்தில் கிடையாது. முதல் பத்து நிமிடத்தில் முதல் ஜோடி நனைந்துவிடும்.

பிள்ளை நடுங்கினால் உடனே ஓட வையுங்கள், சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கத்தைவிட நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: வாயாடிப் பிள்ளை திடீரென்று அமைதியாவது, பேச்சு குழறுவது, பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுவது. அது வந்தால் நடையை அங்கேயே முடித்துக்கொண்டு கதகதப்பான இடத்துக்குத் திரும்ப வேண்டும். விரலோ காதோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்க்கவே கூடாது. கைச்சூட்டில், அக்குளில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், உறைந்த குளத்தின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. "இது தாங்கும், அது தாங்காது" என்று பெரியவர்கள் அளந்து சொல்லும் பேச்சே அந்தக் கூட்டத்தில் வேண்டாம். ஒரே குளத்தில் கரையோரம் ஒரு தடிமனும் நடுவில் வேறு தடிமனும் இருக்கும். பாதையில் தேங்கி உறைந்த குட்டை என்றால் ஏறிக் குதித்து உடைத்துக்கொள்ளட்டும், அதற்குத்தான் அது இருக்கிறது.

நேரம்? காலை பதினோரு மணியளவில் கிளம்பி, வெளிச்சம் சாய்வதற்கு வெகுமுன்பே திரும்பிவிடுங்கள். 4 வயதுப் பிள்ளை இருக்கும் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். தூரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் அதுவே நல்ல நடை. முக்கால் மணி நேரம் ஒரே மரத்தடியில் கழிந்து, பாதையைப் பார்க்காமலே வீடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. அவைதான் நல்ல நாட்கள்.

இனி "மொட்டை மரம்" விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் உங்களோடு நான் முழுக்க வேறுபடுகிறேன். இலை இருக்கும்வரை மரத்தின் உருவமே தெரியாது. பச்சை மூட்டை ஒன்று நிற்பதுபோல் இருக்கும். இலை விழுந்த பிறகுதான் அது எப்படிப் பிரிந்து பிரிந்து போகிறது என்று பார்க்க முடியும். நம் மொழியில் அந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது: அடிமரத்திலிருந்து பிரியும் பெரிய கிளை கவை, கவையிலிருந்து கொம்பு அல்லது கொப்பு, கொப்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து சினை, சினையிலிருந்து போத்து, போத்திலிருந்து குச்சு, கடைசியில் இணுக்கு. நாம் எல்லாவற்றையும் "கிளை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இலையில்லாத மரம் ஒன்றின் அடியில் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கவையிலிருந்து இணுக்கு வரை கண்ணாலேயே ஏறச் சொல்லுங்கள். 6 வயதுக்காரர்கள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு சிறுமி தன் தம்பியை ஒரு மாதம் "இணுக்கு" என்றுதான் கூப்பிட்டாள்.

அடுத்தது, மரம் செத்துவிட்டதா என்ற கேள்வி. இதை எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். பட்டமரத்துக்கும் தூங்கும் மரத்துக்கும் வித்தியாசம் காண ஒரு குச்சு போதும். தோலை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே ஈரமான பச்சை தெரியும். செத்த குச்சானால் பழுப்பாக, வறண்டு, பட்டென்று முறியும். ஒரு மரத்துக்கு ஒரு கீறல் போதும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏழு பேரும் கீறக் கூடாது.

அதே குச்சை இப்போது கூர்ந்து பாருங்கள். நுனியில், பக்கங்களில் மொட்டுகள் இருக்கும். பெரியவர்களில் பலருக்கும் இது தெரியாது: அந்த மொட்டுகள் வசந்தத்தில் வருபவை அல்ல. போன கோடையிலேயே மரம் செய்து வைத்தவை. அடுத்த வருடத்து இலை, பல மரங்களில் அடுத்த வருடத்துப் பூவும்கூட, செதில் போர்த்திக்கொண்டு உள்ளே மடிந்து காத்திருக்கிறது. ஒரே ஒரு மொட்டைக் குறுக்கே வெட்டி லென்ஸ் வைத்துக் காட்டினால் போதும், உள்ளே சுருண்டிருக்கும் குட்டி இலைகள் தெரியும். மொட்டுக்குச் சற்றுக் கீழே, போன இலை ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதற்குள் சின்னச் சின்னப் புள்ளிகள், இலைக்கு நீரும் சர்க்கரையும் போய்வந்த குழாய்களின் அடையாளம். ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தில் இந்தத் தழும்பு குதிரை லாடம் போலவே இருக்கும், ஆணி அடித்த புள்ளிகள் உட்பட. அதைப் பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

குச்சைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் நெருக்கமான வரிகள் தெரிகிறதா? அது போன வருடத்து நுனிமொட்டின் செதில்கள் உதிர்ந்த இடம். ஒரு வரிக்கட்டிலிருந்து அடுத்த வரிக்கட்டு வரை ஒரு வருட வளர்ச்சி. நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வரலாம். "இந்தக் குச்சு இந்த இடம் வரை வளர்ந்திருந்தபோது நீ பிறந்தாய்" என்று 5 வயதுப் பையனுக்குக் காட்டியிருக்கிறேன். அவனுடைய அக்கா உடனே தன்னுடைய இடத்தைத் தேடப் போய்விட்டாள். ஒரு வருட வளர்ச்சி விரல் நீளம் இருக்கும்போது அடுத்தது நகத்தளவே இருக்கும். ஏன்? வறட்சியா, மேலே இருந்த பெரிய மரம் நிழல் போட்டதா, மான் கடித்ததா? பெரிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு கேள்வியே அரை மணி நேரம் ஓடும்.

மரத்தை அடையாளம் காணவும் மொட்டு போதும். மொட்டுகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. மேப்பிள், ஆஷ், ஹார்ஸ் செஸ்ட்நட் ஆகியவற்றில் எதிரெதிர். ஓக், பீச், பிர்ச் ஆகியவற்றில் மாறி மாறி. ஓக்கில் நுனியில் மூன்று நான்கு மொட்டுகள் கொத்தாக இருக்கும். பீச்சில் ஊசிபோல் நீண்டு கூராக இருக்கும். சில ஓக், பீச் மரங்கள், குறிப்பாக இளையவை, காய்ந்த சருகை உதிர்க்காமல் வசந்தம் வரை வைத்துக்கொண்டு சலசலத்து நிற்கும். அதைக் காட்டி "இது மட்டும் ஏன் கொட்டவில்லை?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் காரணங்களை வெட்டாமல் கேளுங்கள். விஞ்ஞானிகளே இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் வைத்திருக்கிறார்கள்.

இலை விழுந்ததால் தெரிய வருபவை இன்னும் இருக்கின்றன. கோடை முழுக்க நம் தலைக்கு மேலேயே இருந்து கண்ணில் படாத கூடுகள் இப்போது தெரியும். எண்ணலாம், வரையலாம். எடுக்க வேண்டாம். சில பறவைகளும் எலிகளும் பழைய கூட்டைக் குளிர்காலத்தில் பயன்படுத்தும். பல நாடுகளில் கூட்டை எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. ஓக் குச்சுகளில் கோலிக்குண்டு மாதிரி பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது காயல்ல, மிகச் சின்னக் குளவி ஒன்று முட்டையிட்டு மரத்தையே வீடு கட்ட வைத்த வேலை. உருண்டையில் குண்டூசித் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். துளை பெரிதாகக் குதறியிருந்தால் பறவை முந்திக்கொண்டது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மை தயாரித்தது இந்த உருண்டைகளிலிருந்துதான், அன்னபேதி என்ற இரும்பு உப்போடு சேர்த்து.

தடங்களைப் பற்றி. பனி விழுந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் பாதையோரச் சேறும் போதும். பிள்ளைகள் முதலில் கேட்பது "இது யாருடையது?" என்று. நான் அதைவிட "இது எந்தப் பக்கம் போனது? ஓடியதா, நடந்ததா?" என்ற கேள்விகளை விரும்புகிறேன். அவற்றுக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை, பார்த்தாலே பதில் கிடைக்கும். முயல் தடம் இதற்கு நல்ல புதிர். முயல் தாவும்போது முன்னங்கால்களை ஊன்றி, பின்னங்கால்களை அவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைக்கும். அதனால் தடத்தில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டு குழிகள் பின்னங்கால்கள். நீங்கள் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒருவரைத் தவளைத் தாவல் தாவச் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும், கூடவே உடம்பும் சூடாகும். அணிலும் இப்படித்தான் தாவும், ஆனால் அதன் முன்னங்கால் தடங்கள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் விழும். முயலுடையவை பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக. நாய்த்தடத்தில் நகம் தெரியும், பூனைத்தடத்தில் பொதுவாகத் தெரியாது, நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால். நரி முன்கால் வைத்த குழியிலேயே பின்காலையும் வைத்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். வீட்டு நாய் அப்படிப் போகாது, அங்குமிங்கும் அலையும். தடம் பறவையுடையது என்றால், காகம் நடக்கும், அதனால் இடம் வலம் என்று மாறி மாறி விழும். சிட்டுக்குருவி தத்தும், அதனால் ஜோடியாக விழும்.

தடம் மட்டுமில்லை. முயல் புழுக்கை, செதில் செதிலாக உரிக்கப்பட்ட பைன் காய் (அணில்), ஓட்டில் ஒரே ஒரு சுத்தமான வட்டத்துளை போட்ட கொட்டை (எலி வகை), மரத்தடியில் சாம்பல்நிற உருண்டை (ஆந்தை கக்கியது, உள்ளே எலியின் தாடையெலும்பு வரை இருக்கும்). உருண்டையை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் பிரிக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்து எல்லோரும் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டும்.

ஆழமான பனி இருந்தால் ஒரு வெப்பமானியைக் கொண்டு போங்கள். முதலில் காற்றில் பிடித்து அளவைக் குறிக்கட்டும். பிறகு பனியைத் தோண்டி மண்ணை ஒட்டி வைத்து, மறுபடி மூடி, பத்து நிமிடம் கழித்துப் பார்க்கட்டும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரி இருந்தாலும், ஒரு சாண் ஆழத்துக்கு மேல் பனி இருந்தால் மண்ணருகே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்று. கம்பளியின் வேலையையே அது செய்கிறது. பனிக்கும் மண்ணுக்கும் இடையில்தான் வயலெலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலம் முழுக்கச் சுரங்கப்பாதை போட்டு நடமாடுகின்றன. தங்கள் காலுக்கடியில் ஒரு ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் நடக்கும் விதமே மாறிவிடும். என் கூட்டத்தில் ஒருவன் அன்று மீதிப் பாதை முழுக்க அடிமேல் அடி வைத்துப் பூனை மாதிரி நடந்தான்.

பனி விழுந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் வெளியில் இருந்தால் கறுப்புத் துணி ஒன்றை முன்பே வெளியில் வைத்துக் குளிர விட்டு, அதில் பனித்துகளைப் பிடித்து லென்ஸால் பார்க்கலாம். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உருகிவிடும். ஏன் எல்லாமே ஆறு முனை என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611-லேயே ஒரு சிறு நூல் எழுதிக் கேட்டிருக்கிறார். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம், ஆனால் அது தெரிய அவருக்குப் பிறகு முந்நூறு வருடங்கள் ஆயின. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, வீட்டில் அம்மாவிடம் படித்து வளர்ந்தவர், நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்தி 1885 ஜனவரியில் ஒரு பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கு மேற்பட்ட படங்கள். வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றி நான் சொல்லாமல் விடுவதில்லை. ஜப்பானில் உகிசிரோ நகாயா என்ற இயற்பியலாளர் 1936-ல் முயல் ரோமம் ஒன்றின் நுனியில் ஆய்வகத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் ஊசியாகவோ தட்டாகவோ நட்சத்திரமாகவோ வடிவம் மாறும் என்பது அதிலிருந்து தெளிவானது. ஆக அன்றைக்கு உங்கள் துணியில் விழுந்தது ஊசியா நட்சத்திரமா என்று குறித்துக்கொண்டால், மேலே மேகத்தில் என்ன நிலைமை என்று பிள்ளைகளே ஊகிக்கலாம்.

பனி பெய்யாத ஈரமான குளிர்நாளானால் விழுந்து கிடக்கும் பட்டை உரிந்த செத்த கிளைகளைத் தேடுங்கள். சிலவற்றில் கிழவரின் தாடிபோல் வெள்ளை மயிர் வளர்ந்திருக்கும். தொட்டால் உருகிவிடும், அது பனிக்கட்டி. கண்டங்கள் நகர்கின்றன என்ற கொள்கையால் நமக்குத் தெரிந்த ஆல்ஃப்ரெட் வெகனர் இதைப் பார்த்துவிட்டு, மரத்துக்குள் இருக்கும் பூஞ்சைதான் காரணம் என்று 1918-ல் எழுதினார். எந்தப் பூஞ்சை என்று உறுதியானது 2015-ல். நான் இதை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் கண்டுபிடித்தது பிள்ளைகள்தான், அவர்களுடைய கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பறவைகளைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி உண்மை. எண்ணிக்கை குறைவு, ஆனால் இருப்பவை நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் பல இனச் சின்னப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து கூட்டமாக இரை தேடும். பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று மரம் முழுக்கக் கீச்சுக்கீச்சென்று நிறைந்துவிடும், பிறகு கூட்டம் நகர்ந்துவிடும். அதனால் சத்தம் போட்டுக்கொண்டு நடப்பதால் எல்லாம் கெட்டுவிடும் என்று கவலைப்படாதீர்கள். போகும்போது கத்தட்டும். திரும்பும்போது ஓரிடத்தில் ஒவ்வொருவரையும் ஒரு மரத்தில் முதுகு சாய்த்து உட்கார வைத்து மூன்று நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மூன்றுதான், ஐந்து கேட்காதீர்கள். பந்துபோல் உப்பியிருக்கும் பறவை குண்டாகவில்லை, இறகுக்குள் காற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது. பனிக்கட்டியில் நிற்கும் வாத்து கால் வழியாக அதிகம் சூட்டை இழக்காததற்குக் காரணம், காலுக்கு இறங்கும் சூடான இரத்தம், மேலேறும் குளிர்ந்த இரத்தத்தை ஒட்டியே போய் வழியிலேயே சூட்டைக் கைமாற்றிவிடுவது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிராக நடக்க விட்டு, கடக்கும்போது ஒரு கூழாங்கல்லைக் கைமாற்றச் சொன்னால் இதை நடித்தே காட்டலாம். வட அமெரிக்காவின் கறுந்தொப்பிச் சிக்கடி என்ற சின்னப் பறவை 10, 12 கிராம்தான் இருக்கும். கடுங்குளிர் இரவுகளில் தன் உடல்வெப்பத்தை வழக்கத்தைவிட 10 டிகிரி வரை குறைத்துக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது.

பூச்சிகள் எங்கே போயின என்று கேட்பார்கள். பெரும்பாலும் எங்கும் போகவில்லை. பட்டையிடுக்கில், சருகுக்கடியில், மண்ணில், முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ இருக்கின்றன. புள்ளிவண்டுகள் கூட்டமாக ஒண்டியிருக்கும். ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கலாம், பார்த்த உடனே இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். உளுத்த மரக்கட்டையைப் பிய்க்கக் கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பு. குளிருறக்கத்தில் இருக்கும் முள்ளெலியையோ வௌவாலையோ எழுப்பினால் அது சேமித்த கொழுப்பைச் செலவழித்துத்தான் விழிக்கும், வசந்தம் வரும்வரை அந்தக் கொழுப்பு போதாமல் போகலாம். வட அமெரிக்க மரத்தவளை ஒன்று சருகுக்கடியில் கல்போல் உறைந்தே விடுகிறது. இதயம் நின்றுவிடும். உயிரணுக்களுக்குள் நிறைந்த சர்க்கரை அவற்றைக் காக்க, வசந்தத்தில் உருகித் தாவிப் போய்விடும். குளத்து மீனுக்கு அந்த வித்தை தேவையில்லை. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதனால் அந்த நீர் அடியில் தங்கிவிட, உறைவது மேலிருந்து ஆரம்பிக்கிறது.

சிவப்புக் காய்கள் கண்ணைப் பறிக்கும். பறவை தின்கிறதே என்று வாயில் போடச் சின்னவர்கள் தயங்க மாட்டார்கள். ஹோலியும் யூ மரத்து விதையும் நமக்கு விஷம். கிளம்பும்போதே "காட்டில் எதையும் வாயில் வைப்பதில்லை" என்று ஒருமுறை சொல்லி, திரும்பச் சொல்ல வையுங்கள்.

கூட்டத்தை எப்படி நடத்துவது? ஏழு பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள் போதும்: ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், ஒருவர் எங்கு வேண்டுமானாலும். முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது, கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் நிற்கக் கூடாது, இந்த இரண்டு விதி மட்டும். பெரியதோடு சின்னதை ஜோடி சேர்த்துவிடுங்கள். 11 வயதுப் பெண் நீங்கள் சொன்னால் சலித்துக்கொள்வாள், அதையே 5 வயதுக் குழந்தைக்கு விளக்கச் சொன்னால் உங்களைவிட நன்றாக விளக்குவாள். பள்ளிக்கூடத்து நண்பர்கள் இரண்டு பேரும் ஆரம்பத்தில் "இது பரீட்சையில் வருமா?" என்கிற முகத்தோடு இருக்கலாம். நம் பிள்ளைகள் அவர்கள் முன்னால் கொஞ்சம் அலட்டிக்கொள்ளவும் செய்வார்கள். நான் அந்த இரண்டையும் கண்டுகொள்ளாமல், லென்ஸை முதலில் நண்பர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க இயற்கைக் கல்வியாளர் அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் 1911-ல் ஆசிரியர்களுக்காக எழுதிய இயற்கைப் பாடக் கையேட்டில் "எனக்குத் தெரியாது" என்று ஆசிரியர் எப்போது, ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். நாம் அவ்வளவு பெரிய ஆட்களில்லை, தாராளமாகச் சொல்லலாம். குறிப்பேடு வைப்பதானால் பென்சில்தான், பேனா மை குளிரில் எழுத மறுக்கும். காட்டில் ஒன்றிரண்டு சொல், வீட்டுக்கு வந்து கை சூடான பிறகு படம். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். போன வருடம் எங்கள் குறிப்பேட்டில் "அனில் கோவமாக இருந்தது" என்று இருந்தது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும் வழிக்கு. வட அரைக்கோளத்தில் நல்ல குளிர் அடிக்கும் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. அப்படியென்றால் ஏன் குளிர்கிறது? பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதைச் சொல்ல அவசரப்படாதீர்கள். நண்பகலில் அவர்களுடைய நிழல் எவ்வளவு நீளம் என்று காலடியால் அளக்கச் சொல்லுங்கள், கோடையில் மறுபடி அளக்கலாம்.

கிளம்பும் முன், உரிமையாளர் அனுமதித்தால், ஒரு புதரிலிருந்து இரண்டு குச்சுகளை வெட்டி வீட்டில் தண்ணீரில் வையுங்கள். குளிர்காலத்தின் ஆரம்பத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை, அதே புதரிலிருந்து. ஆரம்பத்தில் வெட்டியது பல வாரம் அசையாமல் கிடக்கும், சிலநேரம் விரியாமலே போகும். கடைசியில் வெட்டியது சீக்கிரமே விரிந்துவிடும். பல மரங்களின் மொட்டு குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்து முடித்தால்தான் சூட்டுக்குப் பதில் சொல்லும், இல்லாவிட்டால் நடுக்குளிரில் இரண்டு நாள் வெயில் அடித்தாலே ஏமாந்து துளிர்த்துவிடுமே. தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், எந்தக் குச்சு எந்தத் தேதியில் வெட்டியது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கட்டிவிடுங்கள். நான் ஒரு வருடம் எழுத மறந்து, இரண்டும் கலந்துபோய், ஏழு பேரிடமும் திட்டு வாங்கினேன்.